பதினாறாவது மாடி

ஜனவரி 9

அண்ணிக்கு,

எழுத்தைப் பார்த்துவிட்டு, யாரோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கிறுக்கியது என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நான்தான், உங்கள் கொழுந்தன். இடது கையால் எழுதுகிறேன். அக்டோபரில் எனக்குப் பக்கவாதம் வந்தது. கால் கொஞ்சம் தேறிவிட்டது. வலது கைதான் பெரிய வீட்டு மாப்பிள்ளை மாதிரி மடியில் உட்கார்ந்திருக்கிறது, எந்த வேலைக்கும் வருவதில்லை. முப்பது வருடமாக லிஃப்ட் பழுதுபார்த்து ஊரையெல்லாம் மாடிக்கு ஏற்றி இறக்கியவன், இப்போது வாசல் படி ஏற ஆள் தேடுகிறேன்.

போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுக்கமாட்டீர்கள். எடுத்தாலும் என் நாக்கு பாதி வார்த்தையில் நின்றுவிடுகிறது. எழுதினால் நிதானமாகத் தேடி எடுக்கலாம்.

கை கால் பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள். மூளைக்கும் பயிற்சி வேண்டுமாம். "ஏதாவது பழைய விஷயத்தை வரிசையா சொல்லுங்க சார். ஒன்னு விட்டுப்போகாம" என்றாள். நான் நம் மாடிக்காரன் விளையாட்டைச் சொன்னேன். கருப்பாகத் தட்டையாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அதை டிவியில் மாட்டுவோம், டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் வீல் வீல் என்று கத்தும், திரையில் கோடு கோடாக ஓடும், அப்புறம்தான் விளையாட்டு வரும் என்றேன். "கேசட்டா? பாட்டு கேசட்டா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் என் பயிற்சியே நின்றுவிட்டது. சின்னவள் வந்து, "அப்பா சொல்றது நெஜந்தான் அக்கா" என்று சாட்சி சொன்னாள்.

கையில் விளக்கோடு ஒரு காவல்காரன். பழைய கிடங்கு. மாடி மாடியாக ஏறி எல்லா விளக்கையும் ஏற்ற வேண்டும். இவ்வளவும் சொன்னேன். நான்கு மாடி வரை வரிசையாகச் சொன்னேன். ஐந்தாவது வரவில்லை. அதற்கு மேல் இருட்டாக இருக்கிறது. கடைசி மட்டும் பளிச்சென்று இருக்கிறது, நடுவில்தான் காணோம்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்களுக்கு எதுதான் மறந்தது? கொஞ்சம் எழுதி அனுப்புங்கள்.

அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் சட்டென்று எழுந்து உள்ளே போனீர்கள். அதோடு ஆறு வருடம் ஆகிவிட்டது. நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தம்பி மாதிரியானவன்

*

ஜனவரி 22

தம்பி,

கடிதம் வந்தது. பேத்தி, "படிச்சுக் காட்டட்டுமா பாட்டி?" என்றாள். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவள்தான் நானும் என்று பிடுங்கிக்கொண்டேன். உன் கோழிக்கிறுக்கலைப் படித்து முடிக்க எனக்கு ஒரு பகல் போயிற்று.

அக்டோபரில் விழுந்தவன் ஜனவரியில் சொல்கிறாய். என் பெரியவனுக்கு அப்போதே தெரியுமாம். ஏன்டா சொல்லவில்லை என்றால், "சித்தப்பா பேரை எடுத்தாலே நீ மூஞ்சியத் திருப்பிக்கிற, அப்புறம் எப்படிச் சொல்றதாம்?" என்கிறான். நான் முகத்தைத் திருப்பினால் என்ன, காது திறந்துதானே இருக்கிறது? இந்த வீட்டில் எனக்கு எதுவும் சொல்வதில்லை. போகட்டும்.

எனக்கு உன்மேல் கோபம் என்று நினைக்காதே. கோபம் என்றால் ஆறிப்போகும்.

நோயாளி தண்ணீர் கேட்டால் பகையாளியும் கொடுப்பான். அந்த மாதிரிதான் இதை எழுதுகிறேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாவது மாடி பீப்பாய் மாடி. இரண்டு பீப்பாய் அடுத்தடுத்து உருண்டு வரும், மூன்றாவது சோம்பேறி, தங்கித் தங்கி வரும். அந்தச் சந்தில்தான் குதிக்க வேண்டும். ஆறாவதில் எலி. ஒன்று கடைசி வரை ஓடும், இன்னொன்று பாதி வழியில் எதையோ மறந்துவிட்டது போலத் திரும்பும். நீ எப்போதும் அந்த இரண்டாவது எலியிடம்தான் சாவாய். ஏழாவதில் கயிறு. கயிறு நம் பக்கம் வரும்போது குதிக்கக் கூடாது, போகும்போது குதிக்க வேண்டும். அது புரிகிற வரைக்கும் நீ எத்தனை தடவை அந்தப் பெட்டியைத் திட்டினாய்! "பட்டன் சரியில்ல அண்ணி" என்பாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் சொன்னேன். நீ அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். எட்டாவது இருட்டு மாடி. ஒன்றும் தெரியாது. நீ மூச்சை உள்ளே இழுப்பாய், அதுதான் எனக்குக் குறிப்பு, உடனே அமுக்குவேன்.

உனக்கு நடுவில் எல்லாம் காணாமல் போய்விட்டது என்றால் நாம் ஏன் இரண்டு பேராகச் சேர்ந்து விளையாடினோம் என்பதாவது நினைவிருக்கிறதா? நீ மதில் மேல் நடந்து காட்டுகிறேன் என்று விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு வந்தாய். இடது கையால் ஆளை நடத்துவாய், குதிக்கிற பட்டனுக்குக் கை இல்லை. நான் கல்யாணமாகி வந்து ஏழு மாதம். கூடத்தில் உட்கார்ந்து தையல்காரர் கொடுத்த சட்டைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். "அண்ணி, இத ஒரு தடவ அமுக்குங்களேன்" என்றாய். உங்கம்மா அடுக்களையிலிருந்து, "புள்ள படிக்கிற மிஷின்ல அவளுக்கு என்ன வேலை?" என்றார். நீ, "கணக்குப் பாடம்மா. அண்ணி சும்மா ஒரு பட்டன்தான் அமுக்குறாங்க" என்றாய்.

அந்த வீட்டில் என்னிடம் எல்லோரும் வேலை சொன்னார்கள். "இப்ப எனக்கு உங்க உதவி வேணும்" என்று சொன்னது நீ ஒருவன்தான். கட்டு பிரித்த பிறகும், "நான் தனியா ஆடினா ஒப்பேறல, நீங்களே குதிங்க" என்றாய். நாற்காலி ஒன்றுதான், ஆளுக்குப் பாதியாக உட்காருவோம்.

ஒன்பதிலிருந்து பதினைந்து வரை தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பதினாறாவதை நான் எழுதமாட்டேன். அதுதான் உனக்குப் பளிச்சென்று இருக்கிறது என்கிறாயே.

மருந்தை வேளைக்கு எடு.

அண்ணி

*

பிப்ரவரி 8

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பயிற்சிப் பெண்ணிடம் காட்டினேன். "இவங்க யாரு சார், இவ்வளவு ஞாபகம்?" என்றாள். என் பார்ட்னர் என்றேன். நாக்கு நிற்காமல் வந்த வார்த்தை அது.

என் பெரிய மகளின் வீட்டுக்காரர் எங்கிருந்தோ மாடிக்காரனைத் தேடிப் பிடித்து லேப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டார். கேசட்டும் இல்லை, கத்தலும் இல்லை, தட்டினால் வந்து நிற்கிறான். நமக்கெல்லாம் எவ்வளவு நேரம்! கேசட் பாதி ஏறும்போது அம்மா தொம்தொம்மென்று நடந்து வந்தால் எல்லாம் அறுந்துபோகும், முதலிலிருந்து ஏற்ற வேண்டும். "ஊமையா நடக்கச் சொல்றியா என்னை, என் வீட்டுலயே?" என்பார். இது நேற்றுத்தான் ஞாபகம் வந்தது. உங்கள் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வொன்றாக வருகிறது.

நான் இடது கையால் நடத்துகிறேன், சின்னவள் குதிக்கிறாள். நல்ல பெண், ஆனால் பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே குதிக்கிறாள், இல்லை விழுந்த பிறகு குதிக்கிறாள். நான் மூச்சை இழுத்தால், "என்னப்பா, நெஞ்சு வலிக்குதா?" என்று தண்ணீர் கொண்டுவருகிறாள். ஏழாவது கயிற்றைத் தாண்ட முடியவில்லை.

அண்ணி, யோசித்து யோசித்துப் பார்த்தேன். அண்ணனை அடக்கம் செய்த மறுநாளே கிளம்பினேனே, அதுவா? அம்மாவின் தையல் மிஷினை நான் எடுத்துக்கொண்டேனே, அதுவா? உங்கள் பெண் கல்யாணத்துக்குக் கடைசிப் பந்தியில் வந்து சேர்ந்தேனே, அதுவா? எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். எனக்கு இப்போது தெரியாத விஷயம் கூடிக்கொண்டே போகிறது. இதையாவது தெரிந்துகொள்கிறேன்.

நாற்காலியை வலது பக்கம் காலியாகத்தான் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு வாரம் வந்து போங்களேன்.

உங்கள் பார்ட்னர்

*

பிப்ரவரி 19

தம்பி,

நீ சொன்ன மூன்றும் இருக்கின்றன. நீ சொல்லாததும் இருக்கின்றன. அவையெல்லாம் வேறு வரிசை. அவற்றை நான் அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டி வைப்பதோடு சரி.

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். பிறகு ஏன் சொன்னாய் என்று கேட்காதே.

பதினைந்தாவது மாடியை நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாண்டினோம். பதினாறாவது திரை வந்தவுடன் கரண்ட் போய்விட்டது. நீ தலையில் அடித்துக்கொண்டாய். "நாளைக்குப் பாக்கலாம் அண்ணி, நம்ம ரெண்டு பேருந்தான்" என்றாய். மறுநாள் உன் சிநேகிதன், அந்தப் பக்கத்துத் தெரு நெட்டையன், ஜாய்ஸ்டிக் கொண்டுவந்தான். ஒரே குச்சி. நடக்கவும் அதுதான், குதிக்கவும் அதுதான். ஒரு ஆள் போதும்.

செவ்வாய்க்கிழமை. பின்கட்டில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு பாட்டுச் சத்தம். அந்தப் பெட்டி போடும் சத்தமெல்லாம் எனக்கு மனப்பாடம். விழுந்தால் ஒன்று, விளக்கு ஏற்றினால் ஒன்று, மாடி ஏறினால் ஒன்று. இது அதில் எதுவும் இல்லை. அதுவரை நான் கேட்டே இராத பாட்டு. கேட்ட உடனே தெரிந்துவிட்டது, நீ முடித்துவிட்டாய் என்று. கையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தேன். வாசற்படிக்கு வருவதற்குள் டிவி கருப்பாகிவிட்டது. ஒயரைப் பிடுங்கி நீ கையில் வைத்திருந்தாய். நீலச் சட்டை, காலர் கிழிந்திருந்தது. "என்ன தம்பி, முடிஞ்சிருச்சா?" என்றேன். "ஒன்னுமில்ல அண்ணி, சும்மா டெஸ்ட் பண்ணோம்" என்றாய். நான் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் நெட்டையன், "உங்க அண்ணி வெளையாடுவாங்களாடா?" என்று கேட்டான். நீ சிரித்தாய்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ என்னைக் கூப்பிடவில்லை. ஜூனில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். உன் அண்ணன் அந்தப் பெட்டியைத் தன் ஆபீஸில் யாருக்கோ கொடுத்துவிட்டார். நான் அந்தக் கடைசி மாடியை இதுநாள்வரை பார்த்ததில்லை. என்ன பெரிய மாடி, ஒரு விளையாட்டுத்தானே என்று நீ நினைக்கலாம். உனக்கு வெளியில் ஆயிரம் விளையாட்டு இருந்தது. எனக்கு அது ஒன்றுதான்.

அதையும் நான் விழுங்கிவிட்டேன். பிள்ளை குட்டி, வேலை, காலம் ஓடிவிட்டது. ஆனால் உன் அண்ணனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் நீ என்ன சொன்னாய்? "அந்தக் காலத்துல நானும் அண்ணியும் ஒன்னா சேர்ந்து கடைசி மாடிய ஜெயிச்சோம். கடைசிக் குதி அண்ணி குதிச்சது" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய புண்ணை அந்த நாளில் போய்க் கிளறி, அதில் கேலியும் செய்தாயே என்றுதான் எழுந்து போனேன்.

சொல்லிவிட்டேன். போதும்.

அண்ணி

*

மார்ச் 2

அண்ணி,

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். நான் கேலி செய்யவில்லை. எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

நீங்கள் என் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். துவைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருக்கிறீர்கள். குதிக்கிற பட்டன்மேல் சோப்பு நுரை. ஷாக் அடிக்கப் போகிறது என்று நான் சட்டை நுனியால் துடைக்கிறேன். "விடு, இப்ப துடைக்காத, பள்ளம் வருது" என்கிறீர்கள். நான் மூச்சை இழுக்கிறேன். நீங்கள் அமுக்குகிறீர்கள். அப்புறம் அந்தப் பாட்டு. இத்தனை வருடமும் எனக்கு இப்படித்தான் இருந்தது. என் பெண்களுக்குக் கதையாகச் சொன்னது இதுதான். ஆஸ்பத்திரியில் வாய் கோணிப் படுத்திருந்தபோது, எது போனாலும் இது இருக்கிறதா என்று தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

நெட்டையன் வந்தது நினைவில்லை. ஜாய்ஸ்டிக் நினைவில்லை. சிரித்ததும் நினைவில்லை. ஆனால் நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உங்களுக்கு மறந்தது என்று ஒன்று கிடையாது, எனக்குத்தான் மண்டையில் ஓட்டை. என்னையறியாமல் நானே செய்துகொண்ட ஞாபகம் போலிருக்கிறது. இனிமேல் நீங்கள் சொன்னபடியே வைத்துக்கொள்கிறேன்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு அது ஞாபகம் இல்லையே, அண்ணி.

*

மார்ச் 17

தம்பி,

பதில் எழுதுவாய் என்று பார்த்தேன். நான்தான் எழுத வேண்டிய முறை என்று பிறகுதான் தெரிந்தது. நேற்றுச் சின்னவள் போன் செய்தாள். நான் எடுத்தேன். அழுகிறாள். "அப்பா லேப்டாப்ப மூடி வெச்சுட்டாரு பெரியம்மா. அந்த அக்கா வந்து கேட்டா எதையுமே சொல்ல மாட்டேங்கிறாரு. 'எனக்கு ஞாபகம் இருக்கறது நடந்ததா நடக்கலையான்னு தெரியலம்மா'ங்கிறாரு. எங்க அம்மாவப் பொண்ணு பாக்கப் போன கதையக்கூட, 'அது நெஜமா?'ன்னு அம்மாகிட்டயே கேக்குறாரு. நீங்க என்ன எழுதினீங்க பெரியம்மா?" என்றாள்.

குடும்பக் கதை எழுதினேன் என்றேன். வைத்துவிட்டு வந்து உன் கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

நான் இத்தனை காலம் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் நீ இழுக்கிறாய் என்று நினைத்தேன். நீயோ கயிறே இல்லாமல், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அந்த ஞாபகத்தை நான் போய்ப் பிடித்து இழுத்துவிட்டேன்.

சரி, அது கிடக்கட்டும். நான் எழுத வந்தது வேறு.

எனக்கும் அறுபத்தைந்தாகிறது. போன வாரம் கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடினேன். வீடே சிரித்தது. நேற்று உன் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது, என் கதையில்தான் இடறுகிறது. காலர் கிழிந்த சட்டை என்று எழுதினேன். தையல் வேலை பார்க்கிற நான் இருக்கிற வீட்டில் உன்னைக் கிழிந்த காலரோடு விட்டிருப்பேனா? அது வேறு யார் சட்டையோ. செவ்வாய்க்கிழமை என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை நான் தையல்காரரிடம் துணி கொண்டுபோய்க் கொடுக்கிற நாள், பதினொன்றரை பஸ்ஸில் போய் இரண்டு மணி பஸ்ஸில் வருவேன். அப்புறம் எப்படித் துவைத்திருப்பேன்? நெட்டையன் வந்தது உண்மைதான், ஆனால் அது வேறு நாளாக இருக்கும். ஜாய்ஸ்டிக்கா, அது பெரியவன் பிற்பாடு வாங்கினது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன்.

பட்டன்மேல் நுரை பட்டது உண்மை. நீ சட்டை நுனியால் துடைத்தாய், "ஷாக் அடிச்சா அண்ணன் என்னக் கொன்னுடுவாரு" என்றாய். நான், "விடு, பள்ளம் வருது" என்றேன். இதை நீ எழுதிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நீ சொல்லாவிட்டால் எனக்குப் போயே போயிருக்கும். உன் மண்டையில் ஓட்டை என்றால் என் மண்டை சல்லடை. வெளியே தெரியாமல் இருக்கத்தான் இவ்வளவு சத்தம் போடுகிறேன்.

ஆகவே நீ சொன்னதுதான் சரி. உன் பெண்களிடம் சொன்னதை மாற்றிச் சொல்லாதே. பயிற்சிக்கு வருகிற பெண்ணிடம் மறுபடி முதலிலிருந்து சொல்லு. நான் எழுதினேன் பார், அந்த பிப்ரவரிக் கடிதத்தை மட்டும் கிழித்துப் போடு. சின்னவள் கண்ணில் பட வேண்டாம்.

பெரியவனிடம் டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். "சித்தப்பா வீட்டுக்கா? நீயா?" என்று இரண்டு தரம் கேட்டான். ஏன், என்னை யாரும் கூப்பிடக் கூடாதா என்றேன். விரல் முட்டியெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, முன்னே மாதிரி நேரத்துக்குக் குதிப்பேன் என்று சொல்ல முடியாது. உனக்கு ஒரு கை, எனக்குப் பாதிக் கை. ஏழாவது கயிறு வரை போனாலே பெரிய விஷயம். கடைசி வரைக்கும் போவோமா என்பது தெரியாது. போகாவிட்டாலும் போகட்டும்.

அதனால் வருவதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், எழுதி அனுப்பு. அந்தப் பதினாறாவது மாடி எப்படி இருந்தது தம்பி? எத்தனை விளக்கு? எல்லா விளக்கையும் ஏற்றின பிறகு அவன் என்ன செய்தான், இறங்கி வந்தானா, மேலேயே நின்றுகொண்டானா? உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்ததுதான். எனக்கு மறந்துவிட்டது.

அண்ணி